மாமியின் மணிக்கூடு

நிழலை அளந்து தொழுகை நேரம் அறிந்த காலம் போய்விட்டது. இன்று நாட்காட்டியும் மணிக்கூடும்தான் நமக்கு வழிகாட்டிகள். நோன்பு காலத்தில் ஸஹர் முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறதா என்று வீட்டுப் பெண்கள் அண்ணாந்து பார்ப்பது சுவர் மணிக்கூட்டைத்தான்.

எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது, மர்ஹூம் மாமா ஜப்பானில் தொழில் செய்து திரும்பியபோது கொண்டுவந்தது. வானொலி அலையைக் கேட்டுத் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் வகை. நேரத்தை அறிவிப்பதற்கென்றே ஜப்பானில் இரண்டு மலைகளில் நிலையங்கள் உண்டு. புகுஷிமா மாகாணத்து நிலையம் 1999 இல் தொடங்கியது. அதன் அலை 40 கிலோஹேர்ட்ஸ். (2011 மார்ச்சில் அணு உலை விபத்தால் ஊழியர்கள் வெளியேற நேர்ந்தபோது, அது ஒரு மாதத்துக்கும் மேலாக மௌனமாயிற்று.) வினாடிக்கு ஒரு துடிப்பு, நீண்டது, நடுத்தரம், குறுகியது என மூன்று வகை. ஒரு நிமிடத்துத் துடிப்புகளை ஒழுங்காகக் கேட்டால் போதும், மணியும் நிமிடமும் தேதியும் மணிக்கூட்டுக்குத் தெரிந்துவிடும்.

இங்கே அதற்கு அந்த அலை கேட்பதில்லை. கேட்டாலும் நம்மைவிட மூன்றரை மணித்தியாலம் முந்திய ஜப்பான் நேரத்தையே காட்டும். மாமா இருந்தவரை பின்புறப் பொத்தானை அழுத்தி அவரே சரிசெய்வார். பின்பு அந்தப் பொத்தானும் பழுதாகியது. பெட்டரி மாற்றினால் முட்கள் ஓடிப்போய் 12 இல் நின்று, வராத அலைக்காகக் காத்திருக்கும். சாதாரண இயந்திரமொன்றை உள்ளே மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். செலவும் குறைவுதான். மாமி சம்மதிக்கவில்லை.

"அவர் கொண்டுவந்தது வெறும் கண்ணாடியும் சட்டமுமா மகன்?" என்றார்.

தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் ராத்தாவின் மகன் 2021 இல் ஒரு வழி கண்டான். தீப்பெட்டியளவு மின்பலகை ஒன்று. அதில் ஒரு தடையி, கையால் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். பலகை இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெற்று, நம் நாட்டு நேரத்தை ஜப்பான் நிலையத்தின் துடிப்பிலேயே சுருள் வழியாக அனுப்பும். மணிக்கூட்டுக்கு அருகே வைத்துச் சில நிமிடங்கள் சென்றிருக்கும், 12 இல் நின்ற முட்கள் சுழன்று வந்து சரியான இடத்தில் நின்றன. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிரவே அவருக்கு ஒரு சந்தேகம். "ஜப்பான் பேசுவதாகச் சொல்லி அதை ஏமாற்றுகிறோமே, இது பொய்யாகாதா?"

மத்ரஸா மாணவர்கள்கூட இப்படிக் கேட்டதில்லை. சொல்லப்படும் நேரம் உண்மை, யாருக்கும் அதனால் நட்டமில்லை என்றேன். பிறருடைய அலையில் கை வைக்கிறோமே என்பதுதான் என்னை உறுத்தியது. ஒரு முழத்துக்கு அப்பால் அந்த அலை கேட்காது என்பதை மருமகன் மணிக்கூட்டைத் தள்ளி வைத்தே காட்டினான். இன்னொன்றையும் செய்திருந்தான்: இணையம் அறுந்தால் பலகை தவறான நேரம் சொல்லாது, வாய் மூடிக்கொள்ளும்.

2022 ரமழானில் அது பல நாட்கள் வாய் மூடியிருந்தது. மின்வெட்டில் எங்கள் பள்ளி ஒலிபெருக்கியும் ஊமையாகிவிடும். மணிக்கூடோ தன் பெட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது; மீறிப்போனால் சில வினாடிகள்தான் பிசகியிருக்கும். மஃரிப் நெருங்கினால் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மாமி அதன் கீழே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பேரீச்சம்பழத் தட்டோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து, அவர் "பிஸ்மில்லாஹ்" சொல்லும்வரை காத்திருப்பார்கள்.