பழைய நிலைக்குத் திருப்பும் வழி

சாயங்கால ஷிஃப்ட் விட்டதும் புனே அருகே சாகணில் தளேகாவ் சௌக் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கும் கூட்டத்தில் மராட்டி, இந்தி, ஒடியாவுக்கு நடுவே தமிழும் கேட்கும். பதினைந்து வருஷமாக அந்தப் பையன்களின் போன்கள் என் மேசைக்கு வருகின்றன. "அண்ணே, மாமா அமெரிக்காவிலேர்ந்து குடுத்தனுப்புனாரு. நம்ம சிம்மைப் போட்டா எடுக்கவே மாட்டேங்குது." நெட்வொர்க் பூட்டு. அதைத் திறக்கக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருஷம் போதுமாக இருந்தது. திறக்கும் வழியை எப்போது மற்றவர் கையில் கொடுக்கலாம் என்பது புரிய ரொம்ப நாளானது.

2012 வாக்கில் இங்கே அறைக்கு ஒரு 3ஜி டாங்கிள் இருந்தது. பாதிக்கு மேல் ஹுவாவே செய்தவை. விற்ற நெட்வொர்க்கின் சிம்மைத் தவிர எதையும் ஏற்காது. பழைய மாடல்களின் திறவு எண்ணை ஐ.எம்.இ.ஐ. அடையாள எண்ணிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். அந்தக் கணக்கு வெளியே பரவியது. அடுத்து வந்த மாடல்களில் கணக்கை மாற்றினார்கள். சிலவற்றில் எண் கேட்கும் பெட்டியே திரையில் வராது.

அப்படிப்பட்ட ஒரு மாடலுக்கு வேறு ஃபர்ம்வேர் ஏற்றும் முறை ஒன்றை எழுதினேன். என்னிடமிருந்த இரண்டு டாங்கிளிலும் வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் பென்டிரைவில் போட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேருக்குக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் மூன்று டாங்கிள் செத்தன. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே போர்டு வேறு. ஏற்றுவதற்கு முன் பழையதை எடுத்து வைக்கும் படியை நான் எழுதவே இல்லை. செத்ததில் ஒன்று, ஒரே அறையில் தங்கி வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த ஆறு டிப்ளமோ பையன்களுடையது. புதிது வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் தவறவிட்ட கடைசித் தேதியை என்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

அதன் பிறகுதான் ஐபோன் பூட்டின் கதையைக் கவனமாகப் படித்தேன். 2007 ஜூனில் வந்த முதல் ஐபோன் அமெரிக்காவில் ஏடி&டி சிம்மோடு மட்டும் ஓடும். செப்டம்பரில் ஐபோன் டெவ் டீம் என்ற சுதந்திரக் குழு 'எனிசிம்' என்ற நிரலை வெளியிட்டது. அது நெட்வொர்க்கோடு பேசும் பேஸ்பேண்டுக்குள், பூட்டு விவரம் இருக்கும் இடத்திலேயே, நிரந்தரமாகக் கை வைத்தது. அதே மாதக் கடைசியில் ஆப்பிள் விட்ட 1.1.1 பதிப்பை ஏற்றியதும் அப்படித் திறந்த போன்கள் பல முடங்கின. பழைய நிலைக்குத் திருப்பும் கருவி அதற்குப் பிறகுதான் வந்தது.

2009 ஜனவரி 1 அன்று ஐபோன் 3ஜிக்கு அவர்கள் விட்ட 'யெல்லோஸ்னோ' வேறு மாதிரி. ஒவ்வொரு முறை போன் எழும்போதும் நினைவகத்தில் மட்டும் புகுந்து பூட்டைத் தள்ளி வைக்கும். நிரலை நீக்கினால் போன் பழையபடி. அந்த மாதக் கடைசியிலேயே ஆப்பிள் 2.2.1 விட்டு அந்த நிரல் புகுந்த ஓட்டையை அடைத்தது. ஆனாலும் யாருடைய போனும் அதனால் சாகவில்லை. 2010இல் முறை தயாராக இருந்தும் ஐஓஎஸ் 4 வெளிவரும்வரை பொறுத்துத்தான் தங்கள் இன்னொரு திறப்பு நிரலான 'அல்ட்ராஸ்னோ'வின் அடுத்த பதிப்பைக் கொடுத்தார்கள். முன்பே காட்டியிருந்தால் ஐஓஎஸ் 4 ஓட்டையை அடைத்துக்கொண்டே வந்திருக்கும்.

காத்திருப்பது சும்மா வருவதில்லை. முறையை நான் வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும், காசு கொடுத்து வாங்கிய போனை ஒருவன் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறான். அதனால் ஓட்டை அடைபடுமே என்ற பயத்துக்காக மட்டும் ஒரு முறையை வருஷக்கணக்கில் மறைத்து வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த பதிப்பு வரட்டும் என்று சில வாரம் பொறுக்கலாம். திருப்பும் வழி எழுதி முடியவில்லை என்றால் மட்டும் எத்தனை மாதமானாலும் கொடுக்க மாட்டேன். பூட்டைத் திறக்கிறேன் என்று ஐ.எம்.இ.ஐ. எண்ணையே மாற்றும் முறைகளையும் தொடுவதில்லை. இந்தியச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. சட்டம் இல்லாவிட்டாலும் தொட மாட்டேன்: திருட்டுப் போனுக்குப் புதுப் பெயர் வைக்கும் வேலை அது.

இப்போதும் மேசையில் ஒரு முறை பாதியில் நிற்கிறது. திறப்பது மூன்று செட்டில் சரியாக வருகிறது. பழைய நிலைக்குத் திருப்புவது இரண்டில்தான் வருகிறது. பக்கத்துக் கடைக்காரர் தினமும் கேட்கிறார். மூன்றாவது செட் என்னுடையது. இன்று ராத்திரி அதைத்தான் மறுபடி திறந்து பார்க்கப் போகிறேன்.