பூசியதே தெரியாமல் பூசுவது

கல்யாண மண்டபத்தில் மேடைக்கு எதிரே உட்கார்ந்ததும் எங்கள் வயதுப் பெண்கள் காதோடு காதாகக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: "இது நம்ம பொண்ணுதானா?" முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மருதாணி வைத்த கை இன்னொரு நிறம். தர்மபுரி, பாலக்கோடு, அரூர் என்று சமீபத்தில் நான் போய் வந்த பல கல்யாணங்களில் இதைப் பார்த்தேன். மேக்கப் போடுவதை நான் குறை சொல்ல வரவில்லை. ஆசைப்படுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஃபவுண்டேஷன் என்கிற அடிப்பூச்சு, பூசியது தெரியாமல் இருப்பதில்தான் அதன் அழகு இருக்கிறது.

முகத்தில் பூசுவது நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் நாட்களில் கூத்துக்காரர்கள் வேஷம் கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முகத்தில் முதலில் தேங்காய் எண்ணெய், பிறகுதான் முத்துவெள்ளையும் மற்ற வண்ணங்களும். அரிதாரம் என்பது மஞ்சள் நிறத் தாது. ஆர்சனிக் கலந்த விஷப் பொருள். அந்தப் பெயரே பிறகு எல்லா வேஷப்பூச்சுக்கும் பொதுவாகிவிட்டது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், கடைசியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் துரியோதனன் முகம் தெரிய வேண்டும். அதற்குக் கனமான பூச்சு அவசியம்.

சினிமாவுக்கும் அப்படித்தான். எழுத்தாளர் அசோகமித்திரன் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். அங்கே லாரி லாரியாக வந்து இறங்கிய 'பான்கேக்' பூச்சைப் பற்றி வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஹாலிவுட்டில் மாக்ஸ் ஃபாக்டர் நிறுவனம் 1930-களில் வண்ணப் படங்களுக்காகத் தயாரித்த பூச்சு அது. கண்ணைக் கூசும் விளக்குகளுக்கும் காமிராவுக்கும் அது வேண்டியிருந்தது.

ஆக, பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், வெளிச்சம் எப்படி என்பதைப் பொறுத்துத்தான் பூச்சின் கனம். கல்யாணத்தில் அட்சதை போட வருகிறவர்கள் ஒரு முழ தூரத்தில் நின்று முகத்தைப் பார்க்கிறார்கள். அங்கே கூத்துப் பூச்சு பூசினால் எடுபடுமா?

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவள். ஃபவுண்டேஷனை அந்த மொழியில் 'ஃபோன் த தேன்' என்பார்கள். 'ஃபோன்' என்றால் அடித்தளம்; 'தேன்' என்றால் முகத்தின் நிறம். அதாவது, இருக்கிற நிறத்துக்கு ஒரு சமமான தளம். கோலம் போடும் முன் வாசலுக்குச் சாணம் தெளிக்கிறோமே, அது மாதிரி. தெளித்த பிறகும் அது நம் வாசல்தான்.

அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். பழுப்பு நிறம் வருவது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடால். நம் ஊர்ச் செம்மண்ணுக்குச் சிவப்பு தருவதும் அதுதான். வெளுப்புக்குச் சேர்ப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட், அதற்கு ஒரு மூலப்பொருள். கறுத்த முகத்தில் இந்த வெள்ளை அதிகமானால் சிவப்பழகு வராது, சாம்பல்தான் பூக்கும். ஃபிளாஷ் பட்டால் இன்னும் மோசம். முகம் மட்டும் வெள்ளையாக எம்பி நிற்கும்.

போன தை மாதம் என் பேத்திக்குக் கல்யாணம். நல்ல கறுப்பு, என்னைப் போல. அவள் சித்தி, "கொஞ்சம் கலரா தெரியற மாதிரி போடச் சொல்லுடி. ஆல்பம் காலத்துக்கும் நிக்கும்" என்றாள். பேத்தி சிரித்துக்கொண்டே, "அவரு என்னைப் பார்த்துட்டுத்தான் சரின்னாரு சித்தி. மேடையில வேற யாரையோன்னு தேடப் போறாரு" என்றாள். சிரித்தாளே தவிர, கண் கலங்கியிருந்தது. சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லிக் கேட்டவள் அவள்! எனக்கும் அதெல்லாம் பழக்கம்தான். பெண் பார்க்க வந்த அன்று என் முகத்தில் அப்பிய பவுடர், மாவு மில்லில் வேலை பார்ப்பவள் போல என்னை ஆக்கியிருந்தது.

ஒரு வாரம் முன்னால் அழகுக்கலைப் பெண்ணை வீட்டுக்கு வரச் சொல்லி ஒத்திகை பார்த்தோம். முதலில் இரண்டு படி வெளுப்பான நிறத்தைப் பூசினாள். கண்ணாடி முன் விளக்கில் சுமாராகத் தெரிந்தது. "வாசலுக்கு வாம்மா" என்று பகல் வெளிச்சத்துக்கு அழைத்து வந்தேன். திருநீறு பூசி அரைகுறையாகத் துடைத்த முகம்! அந்தப் பெண்ணே, "ஆமாங்க பாட்டி, ஒத்துக்கல" என்று சொல்லிக் கழுவிவிட்டாள்.

பிறகு அவள் செய்தது சரியான முறை. தாடை ஓரத்தில் மூன்று நிறங்களைக் கோடு கோடாக இழுத்தாள். எந்தக் கோடு தோலோடு கலந்து மறைகிறதோ அதுதான் அவளுடைய நிறம். சில பூச்சுகள் காற்றுப் பட்டதும் சற்றுக் கறுக்கும் என்பதால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பார்த்தாள். நம் முகம் எங்கும் ஒரே நிறம் இல்லை. பலருக்கு நெற்றியும் வாயோரமும் சற்றுக் கறுத்திருக்கும். அதற்கு இன்னொரு நிறம் எடுத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்றும் அப்படியே. முகம் கழுவி, ஈரப்பதக் கிரீம் தடவி, ஊறவிட்டாள். தைமாத வறட்சியில் இதை விட்டுவிட்டால் பூச்சு திட்டுத்திட்டாக நிற்கும். மிளகளவு புள்ளிகள் வைத்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பரப்பினாள், தேய்க்கவில்லை. காதையும் கழுத்தையும் மறக்கவில்லை. கண்ணுக்குக் கீழ் மட்டும் இன்னொரு மெல்லிய பூச்சு. பவுடர் நெற்றியிலும் மூக்கிலும் மட்டும். இரவில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கழுவிவிட்டாள். அதுவும் கூத்துக்காரர்கள் வழிதான்.

பூச்சு இரவோடு போய்விடும். நிறத்தையே மாற்றுகிறேன் என்று வரும் கிரீம்கள் அப்படி அல்ல. கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல், பெயர் தெரியாத வெளுப்பூட்டும் கிரீம்களைத் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம் அதில் கலந்திருந்த பாதரசம். கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே இப்படி எதையாவது தடவும் பெண்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் டப்பாவை வாங்கிப் பார்க்க வேண்டும். தயாரித்தவர் பெயரோ உள்ளடக்கமோ எழுதியிராவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆல்பம் போன மாதம் வந்தது. பக்கத்து வீட்டம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "மேக்கப்பே போடலையா?" என்று கேட்டார். அழகுக்கலைப் பெண்ணுக்கு ஃபோன் போட்டு அதைச் சொன்னேன். அவளுக்கும் ஒரே சந்தோஷம். உங்கள் வீட்டில் கல்யாணம் வந்தால் மறக்காமல் ஒரு வாரம் முன்பே ஒத்திகை வையுங்கள், பகலில், வாசலில்.