மைல் எண்ணில் நிற்கும் ரயில்
(கனடாக் காட்டு ஏரிகளில் தூண்டில் போடச் செல்வோருக்குச் சில குறிப்புகள்)

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் பிள்ளையோ பெண்ணோ கனடாவில் உத்தியோகம் பார்க்கிறார்கள். கோடையில் அவர்களைக் காணச் செல்லும் பெரியோரை, "ஏரிக்கரை விடுதியில் நான்கு நாள் தங்கி மீன் பிடித்து வரலாம்" என்று காட்டுக்கு அழைத்துப் போவதும் உண்டு. நமது தமக்கையார் மகன் ஒன்டாரியோ மாகாணத்து சட்பரி நகரில் இருக்கிறான். சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் அவனும் நாமும் அத்தானும் அப்படிப் போய் வந்தோம். அங்கே கற்றதையும் பட்டதையும், இனிச் செல்வோருக்குப் பயன்படுமென்று எழுதுகிறோம்.

வடகாட்டு விடுதிகள் பலவற்றுக்குச் சாலை கிடையாது. சிலவற்றுக்கு நீரில் இறங்கும் சிறு விமானம், சிலவற்றுக்கு ரயில். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் எதைத் தேர்ந்திருப்போம் என்று சொல்ல வேண்டியதில்லை. சட்பரியிலிருந்து ஒயிட் ரிவர் வரை 484 கிலோமீட்டர் தூரத்தை ஒரு பகல் முழுவதும் எடுத்துக்கொண்டு கடக்கிறது அந்த வண்டி. எஞ்சின் தனியே இல்லை; 1950-களில் கட்டப்பட்ட பட் கம்பெனியின் டீசல் பெட்டிகளே தாமாக ஓடுகின்றன. வாரத்தில் மூன்று நாள் போகும், மூன்று நாள் திரும்பும். சாமான் பெட்டியில் படகையே ஏற்றுகிறார்கள்! டிக்கெட் வாங்கும்போது ஸ்டேஷன் பெயருக்குப் பதிலாக விடுதிக்குரிய மைல் எண்ணைச் சொன்னால், பிளாட்பாரமே இல்லாத காட்டு நடுவில் நிறுத்தி இறக்கிவிடுகிறார்கள். நமது இருபதாண்டு உத்தியோகத்தில் இத்தகைய டிக்கெட்டை நாம் கொடுத்ததில்லை. ஆனால் பாதை சரக்குக் கம்பெனியுடையது. சரக்கு வண்டி வந்தால் பிரயாணி வண்டி கிளைப்பாதையில் ஒதுங்கிக் காத்திருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் நம் ஊரிலிருப்பது போலவே இருந்தது.

புறப்படுமுன் உரிமம் வாங்க வேண்டும். இந்தியாவிலிருந்து செல்பவர் கனடாவில் குடியிராதவர் என்ற வகையில் சேர்வார். ஒரு நாளைக்கும், எட்டு நாளைக்கும், ஒரு வருஷத்துக்கும் தனித்தனி உரிமங்கள் உள்ளன. முழு அளவு உரிமம் ஒன்று, குறைந்த எண்ணிக்கைக்கான மலிவு உரிமம் ஒன்று. வால்ஐ என்னும் மீனில் முன்னதற்குப் பெரும்பாலும் 4, பின்னதற்கு 2 வைத்துக்கொள்ளலாம். பல ஏரிகளில், 46 சென்டிமீட்டருக்கு மேற்பட்டது ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம். பெரிய மீன்கள் அநேகமாக முட்டையிடும் பெண் மீன்கள் என்பதே காரணம். வட்டாரத்துக்கு வட்டாரம் விதி மாறுவதால், தாம் போகும் ஏரியின் விதியை விடுதிக்காரரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நலம். நாலு பேருக்கு மலிவு உரிமமே போதும் என்பது நம் அபிப்பிராயம். இரண்டு மீனில் ஒருவர் வயிறு நிறையும்.

வால்ஐ என்று கேட்டதும் நம் வாளை மீனோ என்று மயங்கினோம், அஃதன்று. உள்ளூரார் சிலர் அதைப் பிக்கரல் என்கிறார்கள். மங்கிய ஒளியில் நன்றாகப் பார்க்கும் கண் அதற்கு. ஆகையால் நடுப்பகலில் வெயில் காய்ந்துகொண்டு தூண்டிலைப் பிடித்திருப்பது வீண். அதிகாலையும் அந்தி நேரமுமே உரிய வேளை. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் அந்தி வெகுநேரம் நீளும். பைக் என்னும் மற்றொரு மீனுக்கு ஊசிப் பற்கள். அது சாதாரணத் தூண்டில் நரம்பைக் கடித்து அறுத்துவிடும். முனையில் மெல்லிய எஃகுக் கம்பி கட்ட வேண்டும். முள்ளை எடுக்க நீண்ட மூக்குக் குறடு அவசியம். விரலை விடக் கூடாது. இரையை வெளியூரிலிருந்து கொண்டு போகலாகாது.

கறுப்பு ஈயைப் பற்றி எவரும் நமக்கு முன்னரே சொல்லவில்லை. மே நடுவிலிருந்து ஜூன் வரை ஓடும் நீரில் பிறந்து கூட்டமாக வரும். கடித்த இடம் இரத்தம் கசிந்து இரண்டு நாள் வீங்கும். அடர்ந்த நிறத் துணியை அது நாடும். வெளிர்நிறச் சட்டை, தலைக்கு வலை, கால்சட்டையின் நுனி காலுறைக்குள்: இவ்வளவும் வேண்டும். பூச்சி மருந்தைத் தடவிய கையால் மூக்குக்கண்ணாடியைத் தொடாதீர்கள். டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கை உருக்குகிறது. அத்தானுடைய கண்ணாடி சாட்சி.

இனி, சொல்லியே ஆகவேண்டிய விஷயம். படகில் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். நாம் அதை மடித்து ஆசனமாகப் போட்டுக்கொண்டோம். நீந்தத் தெரிந்தவன் என்ற கர்வம். சிறுவயதில் ஆற்றில் நீந்தியவரல்லவா! ஓஜிப்வே இனத்தவரான படகோட்டிப் பெரியவர் எஞ்சினைக் கிளப்பவில்லை. பேசவும் இல்லை. நாம் எழுந்து அணிந்து, பொத்தான்களைப் பூட்டும்வரை ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நமக்குச் சற்றுக் கோபமே வந்தது.

அன்று மாலை பெரிய பைக் ஒன்று சிக்கியது. வலையில் ஏந்த நாம் எழுந்து நின்றோம். படகு சாய்ந்தது. பனிக்கட்டி உருகிச் சில வாரங்களே ஆன நீர் அது. விழுந்த கணத்தில் மூச்சு நம் வசத்தில் இல்லை. வாய் தானாகத் திறந்து திறந்து காற்றை இழுத்தது. கையும் காலும் நீந்தும் வகையை மறந்தன. சட்டை மட்டும் தலையை நீருக்கு மேலே வைத்திருந்தது. மருமகன் "மாமா! மாமா!" என்று அலறியதைக் கேட்டோம்; பதில் சொல்லக் குரல் இல்லை. பெரியவர் படகை வளைத்துக் கொணர்ந்து தோளைப் பற்றி இழுத்தார். எல்லாம் மூன்று நிமிஷத்துக்குள். மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றிச் சொல்லும் கணக்கு ஒன்றைப் பின்னர் அறிந்தோம்: முதல் 1 நிமிஷம் மூச்சை அடக்க, அடுத்த 10 நிமிஷம் கைகால் பயன்படும், நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். சட்டை இல்லாதவனுக்கு அந்த முதல் நிமிஷமே கடைசி நிமிஷம் ஆகக்கூடும். டாக்டர் பக்கத்தில் இல்லை, டெலிபோன் எட்டாது, ரயிலோ மறுநாள்தான். ஊரில் மனைவியிடம் இதை நாம் இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை. இதைப் படித்து அறிவாள்.

மீன் உண்ணாதாரும் தயங்க வேண்டாம். அடுப்பும் பாத்திரமும் உள்ள தனி மனைகள் கிடைக்கின்றன. அரிசி, பருப்பு, ஊறுகாய், குக்கர் எடுத்துச் செல்லலாம். காட்டில் கடை இல்லை. அன்றாட மருந்தை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரவில் கம்பளி வேண்டும். மீன் கழிவை விடுதிக்காரர் காட்டிய இடத்தில் மட்டுமே போட வேண்டும்; கரடி வரும். பிள்ளைகளுக்குப் பிரியமான வின்னி என்ற கரடி இந்தப் பாதையின் கோடியிலுள்ள ஒயிட் ரிவரில்தான், 1914-ல் ஹாரி கோல்பர்ன் என்ற இராணுவக் கால்நடை வைத்தியரால் 20 டாலருக்கு வாங்கப்பட்டது. நாம் கண்ட கரடி அவ்வளவு சாதுவாகத் தோன்றவில்லை.

ஊருக்குக் கொண்டுபோகும் மீன் துண்டங்களில் தோலில் ஒரு பகுதியை விட்டு வையுங்கள்; எந்த மீன், எத்தனை மீன் என்று அதிகாரி எண்ணிப் பார்க்கும்படி கட்ட வேண்டும். திரும்பும் நாளில் அரை மணி முன்னதாகவே தண்டவாளத்தருகே வந்துவிடுவது நல்லது. நமது வண்டி ஒன்றேமுக்கால் மணி நேரம் தாமதம். ஈக்களுக்கு நடுவே நின்று, தூரத்தில் விளக்கு தெரிந்ததும் துண்டை எடுத்து வீசினோம். நின்றது. கார்டு இறங்கிவந்து மூட்டைகளை எண்ணினார். மிதவைச் சட்டையைக் கழற்ற மறந்து ஏறப்போன நம்மைத் தடுத்து, "அது விடுதியினுடையது" என்றார்.