சிரிக்காமல் இருந்த ஒருத்தன்

யாழ்ப்பாணத்தில் "பட்டம் தெளிக்கிறது" என்றால் எல்லாருக்கும் விளங்கும். நெட்டைக்கு ஒரு பட்டம், கறுப்புக்கு ஒரு பட்டம். தீவுப்பகுதியிலிருந்து பட்டினத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளைக்கு மட்டும் யாரும் யோசிக்கத் தேவையில்லை. "தீவான்" என்ற பட்டம் அவனுக்கு முன்னமே அங்கே போய்க் காத்திருக்கும்.

எனக்கு ஊர் நெடுந்தீவு. குறிகாட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டி பஸ். நாளாந்தம் போய்வர ஏலாது. புலமைப்பரிசில் சித்தியடைந்ததும் தரம் 6இல் விடுதிக்கு வந்தன். முதல் கிழமையே நான் கதைக்கிறதைத் திருப்பிச் சொல்லிச் சிரிச்சாங்கள். பக்கத்தில் இருந்தால் "கருவாடு மணக்குது" என்பாங்கள். பொறுப்பாக இருந்த ஒருவரிடம் சொன்னபோது, "பெடியள் சும்மா பகிடிக்குத்தானே" என்றார்.

பகிடி என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். ஒரே ஆளை, திரும்பத் திரும்ப, அவனால் எதிர்க்க முடியாத நிலையில் வைத்து நோகடிப்பதைத்தான் நோர்வேயில் இதை ஆராய்ந்த டான் ஒல்வேயஸ் வன்கொடுமை என்று வரையறுத்தார். இலங்கையில் பகிடிவதையைத் தடை செய்யும் சட்டம் 1998இல் வந்தது. ஆனால் அது பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு நடப்பது இன்னமும் "சும்மா பகிடி"தான்.

பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி 1996இல் வெளியிட்ட ஆய்வு, இதில் இரண்டு பேர் மட்டும் இல்லை என்று காட்டியது. கூடச் சேருறவன், சிரிச்சு உசுப்பேத்துறவன், பேசாமல் பார்க்கிறவன், பாதிக்கப்பட்டவன் பக்கம் நிக்கிறவன் என்று வகுப்பு முழுக்கவே அதற்குள் இருக்கு. அங்கே பள்ளிக்கூடங்களில் நடக்கும் 'கிவா' என்ற திட்டம் பார்த்துக்கொண்டிருப்பவர்களை மாற்றத்தான் முதலில் முயற்சிக்குது.

இது எனக்குப் புத்தகமில்லாமலே விளங்கும். ஒருநாள் எல்லாரும் சிரிக்க, ஒரு பட்டினத்துப் பெடியன் மட்டும் சிரிக்கேல்லை. "உங்கட ஊரில காட்டுக் குதிரை நிக்குமாம், உண்மையோ?" என்று கேட்டான். நான் குதிரைக் கதை சொல்லத் தொடங்கினன். இன்னும் இரண்டு பேர் கிட்ட வந்தாங்கள். பட்டம் அன்றோடு போகவில்லை. ஆனால் அடுத்த நாள் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் ஒருத்தன் இருந்தான். வீட்டுக்குப் போய்விடுவோம் என்ற எண்ணம் அதற்குப் பிறகு குறைந்தது.

உங்கட தம்பி, தங்கச்சிக்கு "நீயும் திருப்பி அடி" என்று சொல்லிக் குடுக்காதேங்கோ. சிரிக்காமல் இருக்கவும், தனிய நிக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருக்கவும் சொல்லிக் குடுங்கோ. கை மீறிப் போனால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழைக்கலாம் என்றும் சொல்லுங்கோ.