ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு கலர் டிவி

ஈப்போவிலிருந்து ஹுத்தான் மெலிந்தாங்குக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். நெடுஞ்சாலையில் பீடோர் வரை வந்து, சங்காட் ஜோங் வழியாகத் தெலுக் இந்தானை அடைந்து, அங்கிருந்து பெர்னாம் ஆற்றுப் பக்கம் போக வேண்டும். பீடோரைத் தாண்டியதும் மலைகள் பின்தங்கிவிடும். அதன் பிறகு கண்ணுக்கு எட்டிய வரை தட்டை நிலம்தான். செம்பனை, தென்னை, வாய்க்கால், மறுபடியும் செம்பனை. ஆற்றுக்கு அக்கரை சிலாங்கூர் மாநிலம்.

தீபாவளிக்கும் துக்க காரியங்களுக்கும் மட்டுமே நாங்கள் போய்வந்துகொண்டிருந்த ஊர் அது. இந்த முறை ஒரு பழைய டிவியை எடுத்து வரப் போனோம்.

அத்தை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானில் மகனோடு இருக்கப் போகிறார். கட்டில், அலமாரி, நாற்காலி எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்குபவர் மாதக் கடைசியில் லாரியில் ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு. அந்தக் கணக்கில் டிவியும் சேர்ந்திருந்தது. மர நிறத் தாள் ஒட்டிய பெட்டி, 20 அங்குலத் திரை, வலது பக்கம் எட்டு அலைவரிசைப் பொத்தான்கள். நேஷனல் டிவி. ஓடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதன்மேல் பின்னல் துணி விரித்து மாமாவின் படத்தை வைத்திருந்தார் அத்தை.

"எனக்குக் கொடுங்க அத்தை, சரி பண்ணி வச்சுக்கிறேன்" என்றேன்.

"தாராளமா எடுத்துட்டுப் போ. ஆனா நான் கிள்ளான் போறதுக்குள்ள ஒரு தடவை ஓட விட்டுக் காட்டணும்."

மூன்று வாரம்தான் இருந்தது.

அந்த டிவி வந்த கதை குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மாமா அப்போது பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். லயத்தில் பத்துப் பேர் சேர்ந்து கூட்டு போட்டிருந்தார்கள். அத்தையின் முறை வந்தபோது கழுத்துக்கு ஒரு சங்கிலி என்று முடிவாகியிருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு மாமா தெலுக் இந்தானுக்குப் போனார். அது 1982, தீபாவளிக்கு முந்தின வாரம். தெலுக் ஆன்சன் என்ற ஊருக்குத் தெலுக் இந்தான் என்று பெயர் மாறியதும் அந்த ஆண்டுதான். அத்தை இன்றுவரை ஆன்சன் என்றுதான் சொல்வார். சங்கிலிக்குப் போன மனிதர் லாரியில் டிவியோடு இறங்கினார். அத்தை ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28. சரியாகப் பதினைந்து ஆண்டு கழித்து, 1978இல் அதே நாளில் வண்ண ஒளிபரப்பு வந்தது. இந்தியாவில் கலர் வந்தது 1982இல், டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த ஆண்டில். அந்த வகையில் நாம் நான்கு வருடம் முந்தி. ஆனால் ஒளிபரப்பு கலரில் இருந்தாலும் வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளைப் பெட்டி என்றால் படமும் கறுப்பு வெள்ளைதான். அந்த லயத்தில் முதல் கலர் டிவி மாமாவுடையது.

தமிழ்ப் படம் போடும் நாளில் வாசல் வரை ஆள் உட்கார்ந்திருக்கும். அத்தை கோபத்தோடேயே எல்லாருக்கும் கோப்பி கலந்து கொடுப்பார். தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்துக்கு நின்றுவிடும். படம் முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும். மாமா அந்த இருட்டிலேயே மீதிக் கதையைச் சொல்லி முடிப்பார். பல வருடம் கழித்து அந்தப் படங்களை முழுதாகப் பார்த்தபோதுதான் முக்கால்வாசி முடிவுகள் அவரே கட்டியவை என்று தெரிந்தது. சில படங்களில் அவர் சொன்ன முடிவு தேவலாம்.

டிவியை நானும் மச்சானும் தூக்கினோம். இந்த வகை டிவியின் எடை முழுவதும் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கிறது. திரை நெஞ்சைப் பார்த்தபடி அணைத்துத்தான் தூக்க வேண்டும். காரில் வைக்கும்போதும் திரையை இருக்கையின் சாய்மானத்தில் சாய்த்து வைக்க வேண்டும். பின்னால் ஒல்லியாக நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்து உடைந்தால் குழாய் போயிற்று, அதோடு கதை முடிந்தது. அந்தக் குழாய்க்கு மாற்று வேண்டுமானால் இன்னொரு பழைய டிவியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தெலுக் இந்தானில், 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சீனப் பெரியவர் இன்னும் டிவி பழுது பார்க்கிறார். வயது எழுபதுக்கு மேல். நான்கு ஆண்டாக யாரும் கண்ணாடிக் குழாய் டிவியோடு வரவில்லை என்றார். பின்மூடியைக் கழற்றியதும் உள்ளே பல்லி முட்டை ஓடுகள், கரப்பான் எச்சம், விரலளவு தூசு. ஆற்று முகத்து உப்புக் காற்றில் திருகாணிகள் துருவேறியிருந்தன. "பிளக்கில் செருகிப் பார்த்தாயா?" என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும்தான் முகம் மலர்ந்தது. பல வருடம் தூங்கிய டிவிக்கு நேரே 240 வோல்ட்டைக் கொடுத்தால் வறண்டுபோன மின்தேக்கிகள் வெடிக்கும், மற்றதையும் கெடுக்கும். அவர் நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்துத்தான் மின்சாரம் கொடுத்தார். எங்காவது குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், டிவி தப்பிக்கும்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு வீட்டுப் பரணில் இருக்கும் டிவியை நீங்களே திறக்காதீர்கள். கலர் குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பெரியவர் அதை முறைப்படி வடித்த பிறகே கை வைத்தார்.

ஒரு வாரத்தில் மின்தேக்கிகளை மாற்றி, விரிசல் விட்ட ஈயப் பற்றுகளைத் திரும்பச் சூடுவைத்து, எனக்குத் தொலைபேசியில் சொன்னார். போய்ப் பார்த்தால் கறுப்புத் திரையின் நடுவே குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. மலாயில் மெலிந்தாங் என்றால் குறுக்கே என்று பொருள். "உன் ஊர் பெயரைத்தான் காட்டுகிறது" என்று சிரித்தார். படத்தை மேலும் கீழும் விரிக்கும் பகுதி வேலை செய்யாவிட்டால் இப்படித்தான் எல்லாம் ஒரு கோட்டில் சுருங்குமாம். அப்படியே விட்டால் அந்தக் கோடு திரையில் தழும்பாகிவிடும் என்று உடனே வெளிச்சத்தைக் குறைத்தார்.

அது இரண்டு நாளில் சரியாயிற்று. அடுத்த தொல்லை, காட்ட ஒளிபரப்பு இல்லை. 2019 அக்டோபர் 31க்குப் பிறகு நாடு முழுக்க எல்லாம் இலக்கமுறைதான். இந்த டிவிக்கு ஏரியல் துளை ஒன்றைத் தவிர வேறு வாயில் கிடையாது. ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையில் 80 வெள்ளிக்கு ஒரு வீடியோ பிளேயர் வாங்கினேன். பழைய பிளேயர்களில் ஏரியல் வழியாகவே டிவிக்குப் படம் அனுப்பும் வசதி உண்டு. இன்றைய மைஃப்ரீவியூ பெட்டியை அதில் இணைத்தால் 1982 டிவியிலும் செய்தி வரும். அத்தை ஒரு பிஸ்கட் டின்னிலிருந்து கேசட் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். 1988இல் நடந்த அவர் மகள் கல்யாணம்.

கேசட் ஓடியது. ஆனால் கூறைப் புடவை பாசி பிடித்த கறுப்பாகத் தெரிந்தது. முகங்களில் நீலம் பூத்திருந்தது. கலர் குழாய்க்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதிர்கள். அதில் சிவப்பு தேய்ந்துவிட்டது. பெரியவர் இரண்டு வழி சொன்னார். தேய்ந்த பகுதிக்குக் கூடுதல் மின்சாரம் கொடுத்து எழுப்பிப் பார்க்கலாம், பலித்தால் புதுசு போல் இருக்கும். பலிக்காவிட்டால் சிவப்பு மொத்தமாகப் போய்விடும். இன்னொரு வழி, பச்சையையும் நீலத்தையும் சிவப்பின் அளவுக்குத் தணிப்பது. நிறம் சரியாக இருக்கும், படம் மங்கும்.

அத்தை கிள்ளான் போக ஐந்து நாள் பாக்கி. எனக்கு முதல் வழியில் கொஞ்சம் ஆசை இருந்தது, மறைப்பானேன். என் மனைவிதான், "அத்தை கேட்டது ஒரு தடவை ஓட விடணும்னு. பளிச்சுன்னு இருக்கணும்னு கேட்டாங்களா?" என்றாள். தணிக்கச் சொல்லிவிட்டேன். மொத்தக் கூலி 350 வெள்ளி.

சனிக்கிழமை இரவு டிவியை அத்தை வீட்டுக்குக் கொண்டு போனோம். நாற்காலிகள் ஏற்கெனவே லாரியில் போயிருந்தன. பாய் விரித்து உட்கார்ந்தோம். படம் மங்கல் என்பதால் விளக்கை அணைத்தோம். பொத்தானை அழுத்தியதும் என் ஒன்பது வயது மகன், "அப்பா, ஏதோ விசில் சத்தம் கேட்குது" என்றான். எனக்குக் கேட்கவில்லை. இந்த டிவிகள் எழுப்பும் மெல்லிய சத்தம் அது. விநாடிக்கு 15,625 அதிர்வு. வயதானால் அந்தச் சத்தம் காதில் விழாது.

கூறை சிவப்பாக வந்தது. மாமா பந்தலில் யாரையோ கைகாட்டிக் கூப்பிட்டுக்கொண்டு வேகமாகத் திரையைக் கடந்து போனார். மூன்று விநாடி இருக்கும். கேசட் முழுதும் அவர் வருவது அந்த ஒரு முறைதான். ஓடியாடி வேலை செய்தவர் வீடியோக்காரர் முன் நிற்கவே இல்லை.

"வேட்டியைப் பாரு, கணுக்காலுக்கு மேல" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பின்னால ஓட்டு" என்றார்.

ஏழு தடவை ஓட்டினேன். பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஞாயிறு காலை டிவியை ஈப்போவுக்கு ஏற்றினோம். மாமாவின் படத்தையும் பின்னல் துணியையும் அத்தை பையில் தனியாக எடுத்து வைத்திருந்தார்.