திருத்தி எழுதிய கை

ஆயிரம் பக்கப் பெருநூல் ஒன்று நம் மேசைமீது கிடக்கிறது. தூக்கினால் கை வலிக்கும்; மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும்; திறந்தாலோ, மூட மனம் வராது! அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லே குவின் படைத்த எர்த்சீ என்னும் கற்பனைத் தீவுலகின் கதைகள் அனைத்தையும் ஒரே நூலாகத் தொகுத்து, சார்லஸ் வெஸ் வரைந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களோடு 2018-இல் வெளியிட்டனர்.

மந்திரவாதியும் பறக்கும் நாகமும் உலவும் கதையில் நமக்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர் உண்டு. மந்திரம் பொய்தான். ஆனால், அந்தப் பொய்யுலகிலும் அரியணை யாருக்கு, அடுப்படி யாருக்கு என்று பங்கிடும் மனம் இருக்கிறதே, அது மெய்யன்றோ!

நம் தங்கையின் மகள் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நாயகன் கெட்டின் உருவைச் சுட்டி, "மாமா, இவன்தான் கதாநாயகனா? நம்மைப்போல் அல்லவா இருக்கிறான்!" என்றாள். அந்த வியப்பு நம்மைச் சுட்டது. மாநிறத்தான் நாயகனாவது பத்து வயதுக் குழந்தைக்குப் புதுமையாகத் தோன்றுமாறு எத்தனை படங்களைக் காட்டி வளர்த்துவிட்டோம்!

அவள் வியப்புக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1968-இல் வெளிவந்த முதல் நூலிலேயே கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற நண்பன் வெட்ச் கறுப்பு நிறத்தவன். வெள்ளை நிறத்தாரோ, அவர்கள் ஊர்மீது படையெடுத்து வருவோர். எழுத்தில் இப்படி இருக்க, பல பதிப்புகளின் அட்டையில் கெட் வெளுத்துப்போனான். 2004-இல் தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளை நடிகரே கெட் ஆனார். லே குவின் வாளாவிருக்கவில்லை. வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். பின்னர் வெஸ்ஸோடு கலந்து பேசி, ஓவியங்கள் உருவாகத் துணைநின்றார். இத்தொகுதியில் கெட் தன் நிறத்தை மீட்டுக்கொண்டான். நூல் வெளியானது அக்டோபரில். அந்த அம்மையாரோ அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

பிறர் பிழையைச் சுட்டுவது எளிது. தம் பிழையை?

ரோக் தீவின் மந்திரக் கல்விக்கூடத்தில் ஆண்களுக்கு மட்டுமே இடம். பெண்ணின் வித்தை வலுவற்றது, தீயது என்பது அவ்வுலகின் வழக்குமொழி. எழுதியவரோ ஒரு பெண்! 1971-இல் வந்த இரண்டாம் நூலில் டெனார் என்ற பெண்ணை நாயகியாக்கினார். அவள் விடுதலைக்கும் ஓர் ஆணின் துணை வேண்டியிருந்தது. 1972-இல் மூன்றாம் நூல். பின்னர், பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990-இல் 'டெஹானு' வந்தது. அதில் டெனார் நடுவயதுக் கைம்பெண்; தீயில் வெந்த சிறுமி ஒருத்தியை வளர்க்கிறாள். ஆற்றல் இழந்த கெட் ஆடு மேய்க்கிறான். வீட்டு வேலை பெண்ணுக்கே உரியதா என்ற வினா அங்கே எழுகிறது.

பழைய பக்கங்களை அவர் கிழித்தெறியவில்லை. ஒரே நூலில் பிழையும் இருக்கிறது, அதை உணர்ந்த அறிவும் இருக்கிறது. மறைப்பதன்று திருத்தம், மறுபடி திறந்து பார்ப்பதே திருத்தம்.

நாமும் திறந்து பார்த்தோம். பதினெட்டு வயதில், திண்ணையில் அமர்ந்து முதல் நூலைப் படித்தபோது, ரோக்கில் பெண்ணே இல்லை என்பது நமக்கு உறைக்கவில்லை. உறைப்பது எங்ஙனம்? நாம் படித்துக்கொண்டிருந்த அந்த மாலையெல்லாம் நம் தங்கை உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் படிக்க ஆசை இருந்ததா? கேட்டதில்லை!

இவ்வெண்ணத்தில் நாம் ஆழ்ந்திருந்தபோது, "படித்தது போதும், வந்து தட்டுகளைக் கழுவு" என்று அடுப்படியிலிருந்து தங்கையின் குரல் வந்தது. சிறுமி நூலை மூடப் போனாள்.

"நீ படி அம்மா" என்று சொல்லிவிட்டு, நாம் எழுந்து சென்றோம்.