நடந்ததும் நடிப்பதும்

டாகுமெண்டரி எடுப்பவர்களுக்குச் சரித்திரம் ஒரு விஷயத்தில் தொல்லை கொடுக்கிறது. அது நடந்தபோது அங்கே காமிரா இருக்கவில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பழைய சம்பவங்களை நடித்துக் காட்டும் காரியம் வருகிறது. குறையை ஈடுகட்டுகிறோமா, குறை இருப்பதையே மறைத்துவிடுகிறோமா என்பது எடுப்பவனின் நேர்மையைப் பொறுத்தது.

நான் இதைப் பற்றி யோசிக்க நேர்ந்தது ஒரு நண்பரால். இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்து கோவை வட்டாரத்து நூற்பாலைகளில் வேலைக்கமர்ந்த குடும்பங்களைப் பற்றி ஒரு மணி நேரப் படம் எடுக்க அவர் திட்டம் போட்டிருந்தார். எனக்குச் சூலூர் என்பதால் இடம் பார்த்துத் தரவும் நடிப்புப் பகுதிகளை எழுதித் தரவும் கேட்டார். அவர் குறித்துவைத்திருந்த காட்சிகள் நான்கு. கங்காணி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுப்பது. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்குவது. அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடப்பது. வழியில் காலரா கண்டவரை விட்டுவிட்டுக் கூட்டம் மேலே நகர்வது. எல்லாம் 19ஆம் நூற்றாண்டுச் சங்கதிகள். மன்னார்க் கரைக்கு எங்கள் பெரிய குளத்துக் கரை; காட்டுக்கு நொய்யலோரத்துச் சீமைக்கருவேல். விமானப்படைத் தளத்திலிருந்து விமானம் கிளம்பாத நேரமாகப் பார்த்து ஷூட்டிங். நடிப்பவர்கள் திரும்பி வந்த குடும்பத்தாரே. அந்த மக்களே நடிப்பதால் அது உண்மையாகிவிடும் என்பது நண்பரின் கட்சி.

இந்தக் கட்சி புதிதல்ல. ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி அயர்லாந்தின் மேற்கே உள்ள ஆரன் தீவுகளில் எடுத்து 1934-ல் வெளிவந்த 'மேன் ஆஃப் ஆரன்' படத்திலும் தீவுக்காரர்களே நடித்தார்கள். அப்பா, அம்மா, பையன் என்று ஒரு குடும்பம் அதில் வருகிறது. மூவரும் வெவ்வேறு வீட்டு மனிதர்கள். பெரிய சுறாவை ஈட்டியெறிந்து பிடிக்கிறார்கள். அந்தத் தொழில் அங்கே வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. தங்கள் பாட்டன்மார் செய்ததை அவர்கள் வெளியாளிடம் கற்றுக்கொண்டு நடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தப் படத்தை வெறும் பம்மாத்து என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. வெறும் பாறைமேல் கடற்பாசியும் மணலும் கொண்டுவந்து கொட்டி மண் உண்டாக்குகிறார்களே, அது அவர்களுடைய வாழ்க்கை. அலைகளும் பொய்யல்ல. கடலுக்கு நடிக்கத் தெரியாது.

என் மனத்தாங்கல் வேறு. அந்தப் படத்தில் மனிதனுக்கு எதிரி கடல் மட்டும்தான். நிலச்சுவான்தார் இல்லை, குத்தகை இல்லை, நிலத்தைவிட்டு வெளியேற்றுவது இல்லை. இயற்கையோடு மல்லுக்கட்டும் மனிதன் காமிராவுக்கு அழகாக இருக்கிறான்; குத்தகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவன் அவ்வளவு அழகாக இருப்பதில்லை. 1978-ல் ஜார்ஜ் ஸ்டோனி அதே தீவுக்குப் போய், அந்தப் படம் எப்படி உருவாயிற்று என்பதையே ஒரு படமாக எடுத்தார்.

நண்பரின் நான்கு காட்சிகளிலும் காடும் காலராவும் இருந்தன. 1948-ன் 18ஆம் எண் பிரஜாவுரிமைச் சட்டம் இல்லை. அந்தச் சட்டம்தான் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். புலி அடித்தது என்றால் நடித்துக் காட்டலாம். சட்டம் அடித்ததை எப்படி நடிப்பது? கோயமுத்தூர்க்காரர்களுக்கு வேஷம் கட்டுவது தெரியாததல்ல. சென்ட்ரல் ஸ்டூடியோவில் 'ஹரிதாஸ்' (1944) எடுத்த ஊர். பக்ஷிராஜாவில் 'மலைக்கள்ளன்' (1954) எடுத்த ஊர். ராஜாவும் மலையும் அரண்மனையும் இங்கே துணியிலும் பலகையிலும் எழும்பியிருக்கின்றன. ஒரு காகிதத்துக்கு வேஷம் கட்ட இங்கே யாருக்கும் தெரியாது.

பூட்டியாக நடிக்கவேண்டிய அம்மாளைப் பார்க்க நண்பரோடு போனேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, 1973-ல் பதினோரு வயதில் வந்தவர். மில்லில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். மூட்டையைத் தலையில் வைத்து வெறுங்காலோடு எப்படி நடக்கவேண்டும் என்று நண்பர் விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவங்க எப்படி நடந்தாங்கன்னு எனக்கு என்ன தெரியும் தம்பி? நாங்க வந்ததுதானுங்களே எனக்குத் தெரியும்" என்றார்.

பிறகு யாரும் கேட்காமலே எழுந்து வாசலுக்கு வந்தார். தலைமன்னாரில் கப்பலுக்கு வரிசையில் நின்றபோது அவருடைய தாயார் குடும்ப அட்டையைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகி, வலது கையை அதன்மேலிருந்து எடுக்காமலே நின்ற விதத்தைக் காட்டினார். இடது கையில் கைக்குழந்தை. மற்றப் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியின் மூலையைத் தொட்டுக்கொண்டே வரவேண்டும் என்பது உத்தரவு. ராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாம் சேரும்வரை அந்த வலது கை இறங்கவில்லையாம். ஐந்து நிமிஷம் இருக்கும். சட்டத்தை எப்படி நடிப்பது என்ற கேள்விக்கு அந்தக் கை பதில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

ஹட்டன் ஸ்டேஷனைப் பற்றி நண்பர் கேட்டார். திரும்பி வருபவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர். அம்மாளின் மூத்த அக்காள் இலங்கைப் பிரஜையாக அங்கேயே தங்கிவிட்டவர், பிளாட்பாரத்தில் நின்றவர். "அதை மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காப்பி போட்டார்.

2023-ல், மலையக மக்கள் இலங்கைக்குப் போன இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் நடந்தது. ஜூலை 28-ல் கிளம்பி ஆகஸ்ட் 12-ல் போய்ச் சேர்ந்தார்கள். மூதாதையர் நடந்த வழி. யாரும் வேஷம் கட்டவில்லை. அவரவர் உடுப்பு, அவரவர் செருப்பு. நிலமும் வீடும் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். பழையதைத் திரும்பச் செய்வதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. பாட்டனைப்போல் நடப்பதாகப் பாவனை பண்ணாமல், பேரனாகவே அந்த வழியில் நடப்பது.

நண்பருக்கு நான் எழுதிக்கொடுத்தது இரண்டு பக்கம். நான்கு காட்சிகளையும் எடுத்துவிடலாம். போனது யார் நினைவிலும் இல்லை. அதைக் குரலில், இருக்கும் ஆவணங்களோடு சொன்னால் போதும். வந்ததை, வந்தவர்கள் தங்கள் வாசலில், இன்றைய உடுப்பில், ஞாபகமிருக்கும் அளவுக்குச் செய்து காட்டட்டும். தப்பாகச் செய்தால் பக்கத்தில் இருப்பவர் திருத்தட்டும். அந்தத் திருத்தமும் படத்தில் இருக்கட்டும். செய்ய மறுத்த காட்சி ஒன்று உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதற்கு வேறொரு பெண்ணைப் பிடித்துப் பிளாட்பாரத்தில் நிறுத்தி அழவைக்கக் கூடாது.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. பார்ப்பவர்களுக்குக் கண்ணுக்கு ஒன்றும் இல்லையே என்கிறார். பணம் போடுபவர்கள் காட்டைக் கேட்கிறார்களாம். கேட்பார்கள். அந்த அம்மாளின் வலது கை கண்ணுக்குப் போதாது என்றால், நொய்யலோரத்துச் சீமைக்கருவேலை எத்தனை ஏக்கர் காட்டினாலும் போதாது.